மொட்டைமாடிக்கு ஒரு வரைபடம்

பிப்ரவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்களா, இல்லை இன்னமும் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்களா?

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. கெட்ட செய்தி எதுவும் இல்லை. போனில் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே நாம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறோம். உன் அண்ணன் போய் மூன்று வருடம் ஆகியும் இது மாறவில்லை. எழுதினால் கொஞ்சம் நிதானமாக இருக்கும் என்று தோன்றியது. தவிர, நான் கேட்கப்போகிற காரியத்துக்கு நீ படம் வரைந்து அனுப்ப வேண்டியிருக்கும்.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் டீ குடிக்கிற இடம் உனக்குத் தெரியும். மாடிப்படிக்கு அடியில், துடைப்பமும் கால் உடைந்த மேஜைகளும் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில். நின்றபடியே குடிப்போம். மணி அடித்ததும் பாதி டம்ளரைக் கொட்டிவிட்டு ஓடுவோம். போன வாரக் கூட்டத்தில் யாரோ இதைச் சொல்லப்போக, தலைமை ஆசிரியை சட்டென்று, "மொட்டைமாடி சும்மாதானே கெடக்கு, அங்க ஒரு எடம் பண்ணிக்கலாமே" என்றார். அடுத்த நிமிடம் என் பக்கம் திரும்பி, "பூச்சி மிஸ், உங்க நாத்தனார் தோட்டம் போடறவங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். காரியம் என் தலையில் விழுந்துவிட்டது.

வெறும் நாற்காலி மேஜை போட்டால் போதாது, செடி கொடி நிழலோடு இயற்கையாக இருக்க வேண்டும் என்பது எல்லாருடைய ஆசையும். எனக்கு இலையின் நரம்பையும் பூச்சியின் காலையும் பாடம் நடத்தத் தெரியும். ஒரு இடத்தைக் கட்டத் தெரியாது. நீதான் செய்து தர வேண்டும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நம்பிவிட்டேன். நான் ஆறு மாதமாக ஒரே இருமலோடு குடித்தனம் நடத்துகிறேன், வேறு குறையில்லை. மாத்திரை இப்போது தலையணைக்கு அடியில் இல்லை. சர்க்கரை டப்பாவில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இங்க வரப்போறேன்னு எழுதலையா?" என்றாள். உங்களுக்காக ஒதுக்கி வைத்த அறையில் நான் என் வரைபடச் சுருள்களைக்கூட வைக்கக் கூடாதாம்.

இப்போது ஒரு மருத்துவமனையின் உள்முற்றத்துக்குத் தோட்டம் வரைந்துகொண்டிருக்கிறேன். அதற்கு முன் ஒரு பெரிய ஹோட்டல். நான் போட்ட தோட்டங்களில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், அதுவும் நீங்கள், தினமும் வந்து உட்காரப்போகிற இடம் என்பதே எனக்குப் புதுசு.

ஆனால் உடனே வரைய மாட்டேன். முதலில் நீங்கள் மாடிக்குப் போய் சும்மா உட்காருங்கள். டீ குடிக்கிற நேரத்துக்கு வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மழைத் தண்ணீர் எந்த மூலைக்கு ஓடுகிறது, என்ன சத்தம் கேட்கிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். பூச்சியைப் பார்க்கிற கண்ணால் பாருங்கள். நாலு தொட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டால் அது இயற்கை ஆகிவிடாது. அங்கே ஏற்கனவே என்ன இருக்கிறதோ அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அண்ணன் இருந்தால், "மொட்டைமாடியில என்னடி இருக்கும், தண்ணித் தொட்டியும் காக்காவும்" என்றிருப்பான்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
வாலு


மார்ச் 6

அன்புள்ள வாலுவுக்கு,

இருமலை அலட்சியம் செய்யாதே, டாக்டரைப் பார். எனக்கு வெயிலில் உட்கார்ந்து மூக்கு நுனி கறுத்துவிட்டது, மற்றபடி சுகம்.

உன் அண்ணன் சொல்லியிருக்கக்கூடியது சரிதான். தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, காக்கா இருக்கிறது. ஆனால் அதற்கு மேலும் இருக்கிறது. மைதானத்து ஓரத்தில் நிற்கும் பூவரச மரத்தின் உச்சி சரியாக நம் கைப்பிடிச் சுவரின் உயரத்துக்கு வந்திருக்கிறது. கீழேயிருந்து இத்தனை வருடம் அதன் அடிவயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து பார்த்தால் வேறு மரம். ஒவ்வொரு பூவிலும் ஒரு எறும்புக் கூட்டம்.

காலை இடைவேளையில் தொட்டியின் நிழல் மேற்கு மூலை வரை நீள்கிறது. சாயங்காலம் மேற்கிலிருந்து வெயில் முகத்தில் அறைகிறது. காற்று மைதானத்துப் பக்கமிருந்து வருகிறது, புழுதியையும் விசில் சத்தத்தையும் தூக்கிக்கொண்டு. தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்க்க மழை இல்லை. அதனால் பி.டி. சார் பத்து வாளி தண்ணீரைத் தூக்கிவந்து ஊற்றிக் காட்டினார். தெற்கு மூலையில் இருக்கிற குழாய் வாய்க்குத்தான் எல்லாம் போகிறது.

பி.டி. சார் யார் என்று கேட்பாய். அந்த விசிலுக்குச் சொந்தக்காரர். ஆள் ஆறடி, குரல் அதற்கு மேல். நான் மாடியில் வெயிலில் நிற்பதை மைதானத்திலிருந்து பார்த்துவிட்டு, மயங்கி விழுந்துவிடுவேன் என்று பயந்து ஒரு நாற்காலியோடு ஏறி வந்தார். மண்ணெல்லாம் தானே சுமந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே நிபந்தனை, அதில் மண்புழு இருக்கக் கூடாதாம். "பாம்புகூடப் பரவால்ல டீச்சர், அதுக்குக் கண்ணு இருக்கு. இதுக்கு எது தலை எது வாலுன்னே தெரியல" என்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பையன்களை ஒரே அதட்டில் நடுங்க வைக்கிற மனிதர்.

அம்மாவிடம், விடுமுறைக்கு வரப்பார்க்கிறேன் என்று சொல். 'பார்க்கிறேன்' என்பதை அழுத்திச் சொல்.

உன் அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது, இப்போது குரல் மட்டும் அண்ணன் குரல் மாதிரி இருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து இரண்டு தடவை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் வெயிலில் தொப்பி போடுங்கள்.

இதோடு வரைபடம் இருக்கிறது. பிரித்து மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் குளக்கரைதான் மனசுக்குள் வந்தது. மரத்து உச்சி பக்கத்தில் இருக்கிறதல்லவா, அதைப் பார்த்தபடி கரையில் உட்காருவது மாதிரி. அதனால் நடுவில் உயரமாக எதுவும் இல்லை. ஆழமில்லாத ஒரு கல் தொட்டியில் தண்ணீர், கொசு வராமல் இருக்க அதில் சின்ன மீன்கள். அதைச் சுற்றி ஒழுங்கில்லாத வளைவில் தாழ்வான பெஞ்சுகள். மேற்கே மூங்கில் தட்டி. நெருக்கமாகக் கட்டாதீர்கள், இடைவெளி விட்டால்தான் காற்று தோப்புக்குள் வருகிற மாதிரி வரும். அதில் சங்குப்பூக் கொடி ஏறட்டும். பெஞ்சுக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் எலுமிச்சைப் புல்லும் புதினாவும். உட்கார்ந்த இடத்திலேயே கிள்ளி நேராக டம்ளரில் போட்டுக்கொள்ளலாம். மண் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

தெற்கு மூலையில், மரத்துக்கு ரொம்பப் பக்கத்தில், ஒரு சின்ன பெஞ்சு தனியாக இருக்கிறது பாருங்கள். அது உங்களுக்கு. ஒரு ஆள் உட்காருகிற அளவு. அங்கே உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு முதுகுதான் தெரியும். அழவேண்டும் போல் இருந்தால் அழலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்.

விடுமுறைக்கு வாருங்கள் அண்ணி.

வாலு


ஏப்ரல் 20

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். அம்மாவின் தூக்கம் எப்படி இருக்கிறது? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் வரைபடத்தை டீ குடிக்கிற இடத்துச் சுவரில் ஒட்டிவிட்டோம். தலைமை ஆசிரியை அதன் முன்னால் நின்று, "இவ்வளவு நாள் நம்ம தலைக்கு மேல இது இருந்திருக்கு பாருங்க" என்றார். எல்லாருமாக வேலையில் இறங்கிவிட்டோம். மூங்கிலை வெட்டி, ஊறவைத்து, காயவைத்து, கட்டியாகிவிட்டது. கணக்கு டீச்சர் தட்டியின் கோணம் தப்பு என்கிறார். ஆனாலும் காற்று சரியாகத்தான் வருகிறது. மண் மூட்டைகள் அத்தனையும் பி.டி. சார் தோளில்தான் ஏறின. நடுவில் ஒரு மூட்டையைப் பொத்தென்று போட்டுவிட்டு நாலு படி கீழே குதித்துவிட்டார். புழு என்று நினைத்தது ஒரு சணல் நூல். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே மறந்து போயிருந்தது.

ஒரு சின்ன மாற்றம் கேட்கலாமா? அந்தத் தெற்கு மூலை பெஞ்சைக் கொஞ்சம் நீளமாக்க முடியுமா? தண்ணீர்க் குழாய் வாய்க்கு மேலாகப் போட்டால் இடம் இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, பை, விடைத்தாள் கட்டு எல்லாம் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

விடுமுறையில் தாள் திருத்தும் வேலை வந்துவிட்டது. வர முடியவில்லை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

உன் அண்ணி


மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், நீங்கள் வரவில்லை என்று ஒருத்தி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். பக்குவமாகச் சொல்லத்தான் பார்த்தேன். முதல் வார்த்தையிலேயே, "வரலன்னு சொல்ல வர்றே, அதானே?" என்றுவிட்டாள். உங்கள் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறாள், பாவம்.

பெஞ்சை நீட்டிப் புது அளவு அனுப்பியிருக்கிறேன். உங்கள் பைக்கு இவ்வளவு மரியாதையா? அது சாய்ந்துகொள்ள முதுகுப்பலகையும் போட்டுவிடட்டுமா?

உங்கள் கடிதங்களைப் படிக்கும்போது பி.டி. சார் வருகிற இடத்தில் அம்மா சிரிக்கிறாள். சணல் நூல் கதையை மறுபடி படிக்கச் சொன்னாள். "அந்த சாருக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

அண்ணி, ஒன்று சொல்லவா? இங்கே வேலை முடிந்து திரும்பி வரும்போது தெருமுனையில் டீக்கடையைத் தாண்டுவேன். அங்கே யாராவது சீருடையோடு நின்று டீயைச் சுடச்சுட ஒரே மடக்காகக் குடித்தால் எனக்குக் கால் அப்படியே நின்றுவிடும். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு ஆறவைத்துக் குடிக்க நேரம் ஏது என்பான் அண்ணன். இதை அம்மாவிடம் சொல்ல முடியாது. உங்களிடம்தான் சொல்ல முடியும்.

உங்கள் வாலு


ஜூன் 19

அன்புள்ள வாலுவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பள்ளி திறந்த நேரம், கை ஒழியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே?

சங்குப்பூ தட்டியின் பாதி உயரம் ஏறிவிட்டது. எலுமிச்சைப் புல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. புதினா சோனியாக இருக்கிறது. கல் தொட்டியில் மீன்கள் குட்டி போட்டிருக்கின்றன. பெஞ்சுகளுக்கு எண்ணெய் பூசியாகிவிட்டது. எல்லாரும் இப்போது மேலேதான் டீ குடிக்கிறோம். இங்கே வந்தால் பேச்சு தானாகவே மெதுவாகிவிடுகிறது, நீ அதை வரைபடத்தில் எங்கே வரைந்தாய் என்று தெரியவில்லை.

வேறு விசேஷம் இல்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி


ஜூன் 30

அண்ணிக்கு,

நாங்கள் நலம்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும், "அவ்வளவுதானா?" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மறுபடி எடுத்துத் தனியாகப் படித்தேன். செடி இருக்கிறது, மீன் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது. மூட்டை தூக்கினவரைக் காணவில்லை. பெஞ்சுக்கு எண்ணெய் பூசியது யார் என்றுகூட எழுதவில்லை. அம்மா கேட்ட கேள்விக்கும் பதில் இல்லை.

அவரைப் பற்றி நீங்கள் எழுதிக்கொண்டே இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது.

பெஞ்சு பைக்காக நீளவில்லை, இல்லையா?

வாலு


ஜூலை 14

என் அன்பு வாலுவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா?

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமே ஆகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே வயது ஓடிவிட்டது. போன வருடம் அப்பாவும் போய்விட்டார்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஜூன் மாத நடுவில் ஒரு நாள் சாயங்காலம். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் புதினாவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மூலைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். நடுவில் என் பை இருந்தது. பைக்காகத்தான் பெஞ்சை நீட்டினேன் என்று அன்றுவரை நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? தப்பாப் பட்டா, கேக்கவே இல்லன்னு நெனச்சுக்குங்க."

"கேளுங்க சார்."

"நான் சத்தம் போட்டே சோறு தின்னவன். மைதானத்துல கத்தணும், விசில் ஊதணும். போன வருஷம் வரைக்கும் வீட்டுக்குப் போனா காது கேக்காத அப்பாகிட்ட கத்தணும். இங்க வந்து உக்காந்தா மட்டும் சத்தமே வேணாம்னு இருக்கு. மொதல்ல இந்த எடத்தாலதான்னு நெனச்சேன். போன வாரம் நீங்க லீவு. தனியா வந்து உக்காந்து பாத்தேன். எடத்தால இல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, "மணி அடிச்சிருச்சு சார்" என்றேன்.

"பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணி நேரம் ஆச்சு டீச்சர்" என்றார்.

பிறகு அவரே கேட்டார், சுற்றி வளைக்காமல். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. இப்போதெல்லாம் மேலே வந்தால் மற்றவர்களோடு உட்கார்ந்து குடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

உன் அண்ணனோடு நான் ஒரு டீயைக்கூட முழுசாக உட்கார்ந்து குடித்ததில்லை. அழைப்பு வந்துவிடும், எழுந்து ஓடிவிடுவார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன். ஆனால் இப்போது எனக்கு யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும் போல் இருக்கிறது.

ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எனக்கு இல்லை. உன்னை நினைத்துத்தான் பயம். நீ எனக்குக் கிடைத்தது உன் அண்ணன் வழியாக. அந்த வழியை நானே அடைத்துவிட்டால் அப்புறம் நீ எனக்கு யார்? என்னை அண்ணி என்று நீ எந்த முறையில் கூப்பிடுவாய்? கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு நீயும் அம்மாவும்தான் வீடு. உங்களை விட்டுத்தான் இன்னொரு வீடு கிடைக்கும் என்றால் எனக்கு வேண்டாம். இதை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 25

அன்புள்ள வாலுவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். உன் பதில் வரவில்லை. வருத்தத்தோடு இருக்கிறாய் என்று தெரிகிறது. அதைப் பற்றி இனி நான் எழுதமாட்டேன்.

வேறு ஒரு அவசரம். மழை ஆரம்பித்துவிட்டது. மாடியில் தண்ணீர் தேங்கி, கீழே ஒன்பதாம் வகுப்பின் கூரை ஒழுகுகிறது. பிள்ளைகள் பெஞ்சை நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். நிர்வாகத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, அடுத்த மாதக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் மேலே இருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொல்லிவிட்டார்கள். எங்கே தப்பு என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. தலைமை ஆசிரியை எனக்காகப் பேசிக் களைத்துவிட்டார்.

எனக்காக வேண்டாம். நீ வரைந்த இடத்துக்காகவாவது ஒரு வரி எழுது.

அண்ணி


செப்டம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை ரயிலில் எதிர் சீட்டுக்காரக் குழந்தையோடு பங்கு போட்டுச் சாப்பிட்டேன். நீங்கள் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? அன்றைக்கு மழையில் என்னோடு நன்றாக நனைந்தீர்கள்.

இரண்டு நாள் உங்களோடு இருந்தும் நான் வாய் திறந்து சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நேரில் பார்த்தால் அழுகை முந்திக்கொள்கிறது, என்ன செய்வது.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம் என்றால் அன்றே நாலு பக்கம் எழுதியிருப்பேன். அண்ணனை என் அளவுக்கு நினைத்துக்கொண்டிருக்கிற ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அம்மா நினைப்பது வேறு, அது பெற்றவள் நினைப்பு. அவனோடு சண்டை போட்டு, அவன் எச்சில் டீயைப் பிடுங்கிக் குடித்து, அவன் வண்டிச் சத்தத்தை வைத்தே வருவதைக் கண்டுபிடித்தது நாம் இரண்டு பேர்தான். நீங்களும் நகர்ந்துவிட்டால் நான் ஒருத்தியாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

கூரை ஒழுகுகிறது என்ற கடிதம் வந்ததும் கிளம்பிவிட்டேன். என் கையால் வரைந்தது ஒழுகினால் எனக்குச் சோறு இறங்காது. கிளம்புவதற்கு முன்னால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அவ சொல்லச் சொன்னாளா, நீயா சொல்றியா?"

"நானா சொல்றேன்மா."

"அந்த சணல் நூல் சாரா?"

"ஆமா."

மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு எழுந்து உங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கிளம்பும்வரை திறக்கவில்லை. கதவுக்கு உள்ளேயிருந்தே, "போய் ஒழுகறதை நிறுத்திட்டு வா. என்னை எதுவும் கேக்காத" என்றாள்.

நான் பள்ளிக்கு வந்தபோது நீங்கள் வகுப்பில் இருந்தீர்கள். காவலாளி மேலே போகச் சொன்னார். ஏறி வந்தேன் அண்ணி. காகிதத்தில் நான் போட்ட கோடெல்லாம் அங்கே உயிரோடு நின்றுகொண்டிருந்தது. ஈரத்தில் எலுமிச்சைப் புல் வாசம். சங்குப்பூ தட்டியைத் தாண்டி வானத்தைத் தேடிக்கொண்டிருந்தது. நான் போட்ட தோட்டத்தில் யாரோ தினமும் உட்காருகிறார்கள் என்பதற்கு அடையாளமாகப் பெஞ்சு விளிம்பெல்லாம் வழவழப்பாகியிருந்தது.

மூலைப் பெஞ்சுக்கு அடியிலிருந்து இரண்டு பெரிய கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"யாரு, பிளம்பரா? அந்தக் கம்பிய எடுத்துக் குடுங்க" என்று பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"பிளம்பர் இல்ல. நாத்தனார்" என்றேன்.

"எந்த நாத்த..." என்றவர் எழப்போய் மண்டையைப் பெஞ்சில் 'ணங்' என்று இடித்துக்கொண்டார். வெளியே வந்து நின்றபோது முழங்கை வரை சேறு. சட்டைக் கையில் ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து அவரும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கத்தவில்லை, அசையவும் இல்லை. "எடுத்துருங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றார். எடுத்துப் புதினாவில் விட்டேன்.

அப்புறம்தான் காரணத்தைக் காட்டினார். நீட்டிய பெஞ்சு தண்ணீர் போகிற வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. பூவரசு இலையெல்லாம் அடியில் போய் அடைத்து, தண்ணீர் போக வழியில்லாமல் தரை வெடிப்பில் இறங்கியிருக்கிறது. தளத்தைப் பார்க்காமல் தூரத்திலிருந்தே அளவை நீட்டிக் கொடுத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "பெஞ்சாலதான்னு காலையிலதான் கண்டுபிடிச்சேன். டீச்சருக்கு இன்னும் சொல்லல. சொன்னா வருத்தப்படுவாங்க. அறுத்து, நீங்க மொதல்ல போட்ட அளவுக்கே ஆக்கிரட்டுமா? நீங்க என்ன சொல்றீங்களோ அப்படிச் செஞ்சிர்றேன்."

அவர் பெஞ்சைப் பற்றித்தான் கேட்டார். எனக்குத்தான் அது வேறு மாதிரி கேட்டது. நான் வேறொன்று கேட்டேன்.

"எங்க அண்ணனைப் பத்தி அவங்க உங்ககிட்ட பேசுவாங்களா?"

"பேசுவாங்களாவா? அவர் வண்டி ஓட்டுறதை நானே பாத்த மாதிரி ஆயிருச்சு. இப்பவும் ரோட்டுல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா பேச்சை நிறுத்திட்டு எழுந்து அந்தச் சுவர்கிட்ட போய் நிப்பாங்க, அது கண்ணுக்கு மறையிற வரைக்கும்."

"நீங்க என்ன செய்வீங்க?"

"நானும் எழுந்து நிப்பேன். வேற என்ன செய்யிறது? அந்த நேரத்துல உக்காந்துகிட்டு டீ குடிக்க முடியுமா?"

அண்ணி, நான் ஒருத்தியாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பெஞ்சு இருக்கட்டும் சார். குழாயைக் கிழக்குப் பக்கம் திருப்பிரலாம்" என்றேன். அதற்குப் பிறகு மூன்று பேருமாகத் தண்ணீர் ஓடுகிற வாட்டத்தை மாற்றிப் பூசியது, மழையில் நனைந்தது, வகுப்புக் கூரை காய்ந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

அவருக்குப் பதில் சொல்லிவிடுங்கள். பாவம், மண்புழுவைவிட உங்கள் மௌனத்துக்குத்தான் அவர் அதிகம் பயப்படுகிறார்.

முறை எப்படி மாறினாலும், அண்ணி என்று கூப்பிடுவதை விட முடியாத
வாலு


அக்டோபர் 5

கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நீ நன்றாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன். கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது, எழுத்து கோணல்மாணலாக வரும். சின்னவள் வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் பேனாவை எடுத்துத்தான் எழுதுகிறேன், வந்தால் கத்துவாள்.

நீ அவருக்குச் சரி என்று சொல்லிவிட்டதாக நேற்றுச் சொன்னாள். நல்லது.

கொஞ்ச நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. உன் மேல் கோபம் என்று நீ நினைக்கக் கூடாது. அவன் போனதிலிருந்து, என்றைக்காவது நீ பெட்டியோடு வந்து இந்த வீட்டில் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். நீ வந்தால் அவனும் பாதி வந்த மாதிரி இருக்கும் என்று ஓர் ஆசை. அது என் ஆசை. அதற்காக உன்னைக் காக்க வைக்கலாமா? உன்னை அந்த அறையில் கொண்டுவந்து வைத்து நான் என்ன செய்திருப்பேன், இரண்டு பேருமாக அவன் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்திருப்போம்.

அவரை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். சார் என்றால் யாரோ மாதிரி இருக்கிறது. தம்பி என்றால் பொருந்தவில்லை. யோசித்து யோசித்து, மாப்பிள்ளை என்று வைத்துக்கொண்டேன். அப்படி என்றால் நீ எனக்கு மகள் என்று ஆகிறது. ஆகட்டும். அந்தக் கணக்குப்படி சின்னவள் உன்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். சொன்னேன். அவள் வாயில் அண்ணிதான் வருமாம். வந்துவிட்டுப் போகட்டும்.

கல்யாணத்தை எங்கே வைக்கிறீர்கள்? பெண் வீட்டில் கேட்காமல் தேதி குறிக்காதீர்கள். பெண் வீடு என்றால் இது. மாப்பிள்ளையை ஒரு தரம் அழைத்துக்கொண்டு வா. அறை அப்படியேதான் இருக்கிறது. கட்டிலை மட்டும் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

அவன் போட்டோவைக் கூடத்தில்தான் வைத்திருக்கிறேன், எடுக்கமாட்டேன். மாப்பிள்ளைக்குச் சங்கடமாக இருக்குமா என்று கேட்டேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உன்னோடு அவரும் எழுந்து நிற்பாராம், சின்னவள் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அந்த மாடியைப் பற்றி இவள் ஓயாமல் பேசுகிறாள். எனக்கும் ஒரு தரம் வந்து உட்கார வேண்டும் போல் இருக்கிறது. படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று எழுது. முன்னைப் போல ஒரே மூச்சில் ஏற முடியாது. நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வருவேன். நேரமாகும். டீயை அதுவரை அடுப்பிலேயே வைத்திருங்கள்.

அம்மா